பொதுவிடச் சூரியக் கடிகாரங்களும் வல்லுநர் துணையும்

முன்னுரை

கோலை நட்டு, அதன் நிழலைக் கொண்டு பொழுதறிந்தது மனித இனத்தின் தொன்மையான அறிவுகளுள் ஒன்றாகும். பார்வைக்கு எளிய இக்கருவியைப் பலர் கூடும் இடத்தில் பெரிதாக நிறுவ எண்ணும்போது கணிதம், வானியல், கட்டடக்கலை ஆகிய மூன்றும் வேண்டப்படுகின்றன. வல்லாரைக் கலவாது செய்தால் விளைவது யாது, கலந்து செய்தால் விளைவது யாது என்பதை வரலாற்றின் வழி நாம் இங்குக் காண்போம்.

உரோமின் பிழை

கி.மு. 263-இல் உரோமானியத் தளபதி மெசாலா, சிசிலித் தீவின் கட்டானா நகரிலிருந்து சூரியக் கடிகாரம் ஒன்றைப் போர்ப்பொருளாகக் கொணர்ந்து உரோமின் பொதுமன்றத்தில் நிறுவினார். அதன் கோடுகள் கட்டானாவின் அகலாங்குக்கென வரையப்பட்டவை. உரோம் நகரோ ஏறத்தாழ 4½ பாகை வடக்கே உள்ளது. ஆதலின் நிழலும் கோடும் பொருந்தவில்லை. எனினும் 99 ஆண்டுகள் மக்கள் அதனையே பின்பற்றினர் எனப் பிளினி குறிக்கின்றார். கி.மு. 164-இல்தான் செம்மையான வேறொரு கடிகாரம் அதனருகே அமைக்கப்பெற்றது.

பின்னர் அகஸ்டஸ் பேரரசர் எகிப்திய ஒற்றைக்கல் தூண் ஒன்றை நிழற்கோலாக நிறுத்தினார். கணித வல்லார் ஒருவர் கோடுகளை வகுத்துத் தந்திருந்தும், சில பத்தாண்டுகளுக்குப்பின் அதுவும் பிழைபட்டது. நிலநடுக்கமோ, டைபர் ஆற்று வெள்ளத்தால் தூண் அமிழ்ந்ததோ காரணமாகலாம் என்கிறார் பிளினி. வானியலாரோடு மண்ணின் தன்மையறிந்த பொறியாளரும் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

டமாஸ்கஸின் செம்மை

டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிப்பதற்கென்றே ‘முவக்கித்’ என்னும் அலுவலர் இருந்தார். அப்பதவி வகித்த வானியல் அறிஞர் இப்னுஷ் ஷாத்திர், ஹிஜ்ரி 773-இல் (கி.பி. 1371) ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடைய பளிங்குக் கடிகாரத்தை மினாராவில் அமைத்தார். நிழற்கோலைப் புவியச்சுக்கு இணையாக, அவ்வூரின் அகலாங்காகிய ஏறத்தாழ 33½ பாகைச் சாய்வில் நிறுத்தினார். அதனால் கோடையிலும் குளிரிலும் மணியின் அளவு மாறாதாயிற்று. அஸர் முதலிய தொழுகை நேரங்களை அறியவும் கோடுகள் வகுத்தார். நேரம் தவறின் கடமையும் தவறும் என்பதால் அச்சமூகம் அப்பணியை வல்லாரிடமே ஒப்படைத்தது.

பெருமையும் பொறுப்பும்

18-ஆம் நூற்றாண்டில் சவாய் ஜெய்சிங் மன்னர் ஜெய்ப்பூரில் எழுப்பிய சாம்ராட் யந்திரம் சுமார் 27 மீட்டர் உயரமுடையது. அதன் நிழல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நகர்கிறது. கருவி பெரிதாகப் பெரிதாகச் சிறு பிழையும் யாவர் கண்ணுக்கும் புலப்படும். மேலும், கதிரவன் ஒரு புள்ளியன்று. ஆகவே நிழலின் விளிம்பு மங்கலாகவே விழும். அளவைப் பெருக்குவதால் மட்டும் நுட்பம் வந்துவிடாது.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுவோர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். சூரிய நேரம் நவம்பர்த் தொடக்கத்தில் சராசரி நேரத்தினும் சுமார் 16 நிமிடம் முந்தும். பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தும். சென்னையின் உள்ளூர் நேரமோ இந்தியத் திட்ட நேரத்திற்கு ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. இவற்றை விளக்கும் திருத்தப் பட்டியலைக் கடிகாரத்தின் அருகே பொறித்தல் இன்றியமையாதது.

முடிவுரை

கல்லில் பொறித்த பிழையைத் தாளில் எழுதிய பிழைபோல் எளிதில் அழிக்க இயலாது. எனவே வளாகங்களிலும் பூங்காக்களிலும் சூரியக் கடிகாரம் அமைக்க விழையும் பெரியோர், சிற்பியை அழைப்பதற்கு முன் வானியல் அறிந்தாரையும் பொறியாளரையும் கலந்து, இடத்தின் அகலாங்கையும் உண்மை வடதிசையையும் அளந்தறிந்து, மாதிரி ஒன்றைச் சோதித்த பின்னரே கல்லில் கைவைத்தல் நலம். உரோம் இழந்த 99 ஆண்டுகள் நமக்குப் பாடமாகட்டும்.