மேடையில் புலி, வீட்டில்?

கேள்வி: மேடை ஏறினால் தடுமாறாமல் பேசுகிறேன். வீடு திரும்பியதும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மனம் சுருங்குகிறது. தன்னம்பிக்கை இருந்தும் ஏன் இப்படி?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: இரண்டும் வேறு வேறு சரக்கு, அம்மா. 'இதை என்னால் செய்ய முடியும்' என்பது தன்னம்பிக்கை. அது வேலைக்கு வேலை மாறும். மேடையில் முழங்குபவருக்கு ஸ்கூட்டரைத் தொட்டால் கை நடுங்கலாம். செய்தாலும் சொதப்பினாலும் 'நான் மதிப்புள்ளவள்' என்று உள்ளே இருப்பது சுயமதிப்பு. (சுயமரியாதை என்று எழுதலாம்தான், உடனே பெரியாரின் 1925 சுயமரியாதை இயக்கம் நினைவுக்கு வந்துவிடும். அது சமூகத்தோடு போட்ட சண்டை.)

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார்: பெற்ற வெற்றியை எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பது சுயமதிப்பு. உலகத்தையே வென்றும், ஒரே ஒருவருக்குப் பின்னால் நிற்கிற குத்துச்சண்டைக்காரர் வெட்கிச் சாவதை உதாரணம் காட்டினார். கைதட்டல் உங்கள் மேல்எண்ணைக் கூட்டுகிறது. கீழ்எண் அதைவிட வேகமாக ஏறுகிறதோ என்பது என் சந்தேகம். இன்னொரு கூட்டம் பேசி இது தீராது. அடுத்த முறை 'லாயக்கில்லை' என்று கேட்கும்போது, அது யார் குரல் என்று கவனியுங்கள். அப்பாவா, எட்டாம் வகுப்பு டீச்சரா?