வளைகாப்புக்கு முன்னா, பின்னா?

கேள்வி: ஆறு வருட துபாய் வாழ்க்கையை முடித்துக்கொண்டு மதுரைக்கே திரும்புகிறோம். எனக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்தால் போதும் என்கிறார் அத்தை. எப்போது கிளம்பலாம்?

பதில்: அத்தை சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடுங்கள். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் டாக்டர் சான்றிதழ் கேட்கும். 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் கைப்பையிலேயே இருக்கட்டும். கார்கோவில் போட்டால் பிள்ளை பிறந்தபிறகுதான் வந்து சேரும்!

வந்ததும் சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து, அதற்கான பிக்மி எண் வாங்குங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். புதிதாக எடுக்கும் காப்பீட்டில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

துபாயில் பையனா பெண்ணா என்று சொல்லியிருப்பார்கள். இங்கே 1994-ம் வருடச் சட்டப்படி டாக்டர் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. முன்பே தெரியுமென்றால் உறவுக்காரர்களிடம் மூச்சு விடாதீர்கள்.

விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். பெட்டி தூக்குவது உங்கள் வீட்டுக்காரர் வேலை.