உட்காரும் உரிமை: கடை ஊழியரும் கடை உரிமையாளரும் அறிய

சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் பிள்ளைகள் பலர் ஜவுளிக் கடை, நகைக் கடை, செருப்புக் கடைகளில் விற்பனை வேலைக்குப் போகிறார்கள். காலையில் கடைக்குள் நுழைந்தால் இரவு வரை நின்றபடியே இருப்பவர்கள் உண்டு. கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் இந்த வேலையோடு வருவதுதான் என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்கத் தேவையில்லை.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளம் 2018இலேயே இதைச் செய்துவிட்டது. இதன்படி ஒவ்வொரு கடையிலும் பணியாளர்கள் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது, அதாவது வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், அவர்கள் உட்காரலாம். மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் கண்டிப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது.

இருக்கை இல்லையென்றால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமானால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். பலனில்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் முன் உங்கள் கடையில் ஊழியர் எத்தனை, இருக்கை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நோன்பு வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்கள் நம்மிடம் உள்ள அமானிதம்.