குப்பைக்குப் போகும் கொண்டை

அன்னாசிப் பழத்தை அரியும்போது முதலில் வெட்டி எறியப்படுவது அதன் தலையிலுள்ள இலைக்கொண்டையே. அது வெறும் அலங்காரமன்று. உயிருள்ள ஒரு தண்டின் நுனியாகும். முறையாக நட்டால் அது செடியாகி மீண்டும் பழம் தரும்.

இது எவ்வாறு இயலும் என்பதைப் பழத்தின் அமைப்பே விளக்கும். பலாவைப் போல அன்னாசியும் ஒரு கூட்டுக்கனி. ஒரு தண்டைச் சுற்றி நெருங்கிப் பூத்த நூறு, இருநூறு பூக்கள் தத்தம் பூவடிச் செதில்களோடும் அத்தண்டோடும் ஒன்றிச் சதைப்பற்றாகின்றன. மேல்தோலில் காணும் ஒவ்வொரு ‘கண்’ணும் ஒரு பூவே. பூக்களைத் தாங்கிய தண்டு அத்துடன் நின்றுவிடாமல் மேலும் வளர்ந்து இலைகளை விடுகிறது. அதுவே கொண்டை. நாம் கடிக்க மாட்டாமல் ஒதுக்கும் நடுத்தக்கை அதே தண்டின் கீழ்ப்பகுதி.

ஓர் இரகத்தின் மகரந்தம் அதே இரகத்துப் பூவில் சூல் கொள்ளாது. ஆதலால் தோட்டத்துப் பழங்களில் விதை காண்பது அரிது. தென் அமெரிக்காவில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரால் இந்தியாவுக்கு வந்த இப்பயிர், கன்றும் கொண்டையுமாகவே பெருகி வந்துள்ளது. அவர்கள் வழங்கிய ‘அனனாஸ்’ என்னும் பெயரே நம் நாவில் அன்னாசியாயிற்று.

இனி நடும் முறை. நான் முதலில் நட்ட கொண்டை பத்தே நாளில் அழுகி நாறியது. பழச்சதையோடு ஈரமாகப் புதைத்ததே காரணம். கத்தியால் வெட்டாமல், கொண்டையைக் கையால் பற்றித் திருகினால் தக்கையோடு கழன்று வரும். ஒட்டியுள்ள சதையை நீக்கி, அடி இலைகளை ஓரங்குல உயரத்திற்கு உரித்துவிட வேண்டும். அங்கே பழுப்பு நிறத்தில் சிறு புடைப்புகள் தெரியும். அவையே வேராகப் போகும் முளைகள். பின்பு ஒரு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். வெட்டுவாய் காய்ந்தால்தான் பூஞ்சணம் புகாது. குளிர்ப்பெட்டியில் நெடுநாள் கிடந்த பழத்தின் கொண்டை வேண்டாம். குருத்து செத்திருக்கக் கூடும்.

மணல் கலந்த மண்ணில், குருத்துக்குள் மண் விழாதவாறு மேலாக நட்டால் போதும். ஓரடி அகலத் தொட்டி தேவை. மேல்மண் காய்ந்தபின் நீர் விடலாம். அளவுக்கு மிஞ்சிய நீரே இதற்குப் பகை. அன்னாசி இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதனைப் பயன்படுத்துகிறது. இதனால் நீரிழப்பு மிகக் குறைவு. இரண்டு மாதம் சென்று மெல்ல இழுத்துப் பார்த்தால், வேர் பிடித்த கொண்டை அசைந்து கொடுக்காது. அதற்குமுன் நாள்தோறும் பிடுங்கிப் பார்க்கும் ஆவலை அடக்குவதுதான் கடினம்!

தோட்டக்காரர்கள் கொண்டையைவிடப் பக்கக்கன்றுகளையே விரும்புவர். கன்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் பலன் தரும். கொண்டைக்கு இரண்டாண்டு ஆகும். தொட்டியிலோ மூன்றாண்டும் ஆகலாம். கல்லூரியில் சேர்ந்த அன்று நட்டவர் பட்டம் பெறும் தறுவாயில் பழம் காண்பார். முப்பது, நாற்பது இலைகள் விட்டும் பூக்காத செடியைத் தூண்ட ஒரு வழி உண்டு. அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடி வீடுகளில், புகை பட்ட அன்னாசிச் செடிகள் ஒருசேரப் பூத்ததை 19ஆம் நூற்றாண்டில் கண்டனர். புகையிலிருந்த எத்திலீன் வாயுவே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. பழுத்த ஆப்பிளும் அதே வாயுவை வெளியிடும். செடியோடு சில ஆப்பிள்களையும் வைத்து, பிளாஸ்டிக் பையால் ஒரு வாரம் மூடி நிழலில் வைத்தால், இரண்டொரு மாதங்களில் நடுவே செந்நிறப் பூந்தண்டு தலைகாட்டும். ஊதாப் பூக்கள் அடியிலிருந்து மேலாக விரியும். பழம் முதிர மேலும் ஐந்தாறு மாதங்கள் செல்லும்.

ஒரு தண்டு ஒருமுறையே காய்க்கும். பழத்தை எடுத்தபின் அடியில் கிளைக்கும் கன்றுகளுள் நல்லதொன்றை விட்டுவைத்தால், அடுத்த பழம் முன்னதைவிட விரைவில் கிடைக்கும்.