கேதாரநாத் யாத்திரை: புறப்படும் முன் குடும்பம் அறிய வேண்டியவை



"இந்த வருஷம் எப்படியாவது கேதாரநாத் போயிட்டு வந்துடணும்" என்று உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறதா? நல்லது. போய் வாருங்கள். ஆனால் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது செலவைப் பற்றியது அல்ல, உடம்பைப் பற்றியது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

இந்தப் பாடத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும்.

மலை எவ்வளவு உயரம்?

கேதாரநாத் கோயில் உத்தராகண்ட் மாநிலத்தில், மந்தாகினி ஆறு தொடங்கும் இடத்திற்கு அருகில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 3,583 மீட்டர். அதாவது 11,700 அடிக்கு மேல். நாம் அறிந்த ஊட்டி 2,240 மீட்டர். தமிழ்நாட்டிலேயே மிக உயரமான தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சியில் நின்று இன்னும் 900 மீட்டருக்கு மேல் ஏறினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் கேதாரம் இருக்கிறது.

மோட்டார் வண்டி கௌரிகுண்டம் வரைதான் போகும். அந்த இடம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து நடைபாதை. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் வந்த பெருவெள்ளத்தில் பழைய பாதையின் ஒரு பகுதியும் ராம்பாடா என்ற ஊரும் அழிந்துபோயின. அதற்கு முன் 14 கிலோமீட்டராக இருந்த நடை, புதிய பாதையில் 16 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. முன்பு போய் வந்த பெரியவர்கள் "நாங்க அரை நாளில் ஏறிட்டோம்" என்று சொன்னால், அந்தக் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது.

மேலே போனால் ஏன் மூச்சு வாங்குகிறது?

உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கேதாரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், நம் ஊரில் கிடைக்கும் பிராணவாயுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இந்தக் குறைவுக்கு உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அவகாசம் கொடுக்காமல் ஓடினால் வருவதுதான் மலை நோய். இது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வரும். வாலிபர், வயோதிகர், பலசாலி, பலவீனர் என்று பார்த்து வருவதில்லை. தினமும் வயலில் உழைக்கிற உடம்புக்கும் வரலாம்.

ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும. நடப்பவர் ஒரு நாளில் ஏறும் உயரத்தை அவர்கள் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறார்கள். கால் வலி மிச்சம், ஆனால் உடம்பு பழக நேரமில்லை. குதிரையில், டோலியில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

யார் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது?

1. இருதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள்.

2. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்கள். கட்டுப்பாட்டில் இருந்தால் பலரும் போய் வரலாம். கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். கோயில் எங்கும் போய்விடாது.

3. ரத்த சோகை உள்ளவர்கள். நம் தாய்மார்களில் பலருக்கு இருந்தும் தெரிவதில்லை. பிராணவாயுவைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். காற்றிலும் குறைவு, சுமக்கும் கூடையும் சிறிது என்றால் உடம்பு என்ன செய்யும்? இரண்டு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்து மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். புறப்படும் வாரம் ஓடி வந்து கேட்டால் பயனில்லை.

4. கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. மேலே அவசரம் என்றால் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மணிக்கணக்கில் இறங்க வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால், புறப்படும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

5. கைக்குழந்தைகள். தலை வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லத் தெரியாத குழந்தைக்கு மலை நோய் வந்தால், அது பசி அழுகையா நோய் அழுகையா என்று தாய்க்கே தெரியாது. பாட்டி வீட்டில் விட்டுச் செல்ல முடியாத குழந்தை என்றால், பயணத்தை இரண்டு மூன்று வருஷம் தள்ளி வையுங்கள்.

தாய்மார்களுக்கு மேலும் இரண்டு சொல். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறைந்து கட்டிய வரலாறு உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. மருத்துவரிடம் கேட்டே சாப்பிட வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் பயண நாட்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறியது என்று ஒரு நாளும் விட்டுவிடக் கூடாது.

இரண்டு மாதத் தயாரிப்பு

தினமும் அரை மணி நடையில் தொடங்குங்கள். வாரத்துக்கு வாரம் கூட்டி ஒன்றரை மணிக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் குன்றுக் கோயில் இருந்தால் வாரம் இரண்டு முறை படி ஏறுங்கள். திருத்தணிக்காரர்களுக்கு 365 படி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது! ஏறும்போது நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இங்கே தெரிந்துகொள்வது அங்கே தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

புதுச் செருப்பையோ பூட்ஸையோ அங்கே போய்ப் போடாதீர்கள். ஒரு மாதம் இங்கேயே போட்டுப் பழகுங்கள்.

யாத்திரைக்கு உத்தராகண்ட் அரசிடம் முன்பதிவு செய்வது கட்டாயம். அதில் உங்கள் நோயையும் சாப்பிடும் மருந்தையும் உள்ளபடி எழுதுங்கள். "சொன்னா விடமாட்டாங்க" என்று மறைப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

கோயில் சித்திரை, வைகாசி வாக்கில் திறந்து தீபாவளியை ஒட்டி மூடப்படும். பனிக்காலத்தில் சுவாமிக்கு ஊக்கிமடத்தில் பூஜை நடக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழையும் நிலச்சரிவும் அதிகம். குடும்பத்தோடு போகிறவர்கள் மே, ஜூன் தொடக்கம், அல்லது செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் என்று திட்டமிடலாம்.

எப்படி ஏறுவது?

ரிஷிகேசத்திலிருந்து ஒரே மூச்சில் ஓடாதீர்கள். குப்தகாசியில் ஓர் இரவு, சோன்பிரயாகையிலோ கௌரிகுண்டத்திலோ ஓர் இரவு தங்குங்கள். பிறகு விடியற்காலையில் நடையைத் தொடங்குங்கள். முடிந்தால் வழியில் பீம்பலி அல்லது லிஞ்சோலியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மேலே போங்கள். தங்க இடம் உண்டா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஓர் இரவு செலவு வீண் செலவு அல்ல, உடம்புக்குக் கொடுக்கும் அவகாசம்.

நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பேச மூச்சு வரவில்லையென்றால் வேகம் அதிகம் என்று பொருள். நின்று, மூச்சு ஆறி, பிறகு நடங்கள்.

மலை நோயை எப்படித் தெரிந்துகொள்வது?

உயரத்துக்குப் போன சில மணி நேரத்தில் தலைவலி வரும். அதோடு குமட்டல், பசியின்மை, மிகுந்த அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியவை சேரலாம். இது எச்சரிக்கை மணி. இதற்கு மேல் ஏறாதீர்கள். ஓய்வு எடுங்கள். குறையவில்லையென்றால் இறங்குங்கள்.

கீழ்க்கண்டவை அபாயக் குறிகள்:

• சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுதல், விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரையோடு சளி. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம்.

• தள்ளாட்டம், உளறல், ஆளைத் தெரியாத குழப்பம். இது மூளை வீக்கம். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் காத்திருக்காதீர்கள்.

அபாயக் குறி தெரிந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். வழியில் உள்ள மருத்துவ முகாமில் காட்டி, பிராணவாயு கொடுத்தபடியே இறக்குவது மிக நல்லது. இறங்குவதுதான் முதல் மருந்து. நோயாளியைத் தனியே அனுப்பக் கூடாது.

மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு வரும் என்று பலர் முடிச்சுப் போட்டு எடுத்துப் போகிறார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும், அவ்வளவுதான். ரத்தத்தில் பிராணவாயு கூடாது. குழந்தை அதை விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம். கடையில் விற்கும் சிறிய பிராணவாயு டப்பாவும் சில நிமிடங்களுக்குத்தான். அதை நம்பி மேலே ஏறாதீர்கள். பீடி, சாராயம், தூக்க மாத்திரை மூன்றும் வேண்டாம்.

வீட்டில் முடிவு செய்ய வேண்டிய ஒன்று

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மாமியார், மகன், மருமகள், மகனின் தங்கை என்று நால்வர் ஏறுகிறார்கள். கோயிலுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். மாமியாருக்குத் தலை வெடிக்கிறது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் அத்தை, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில்தான். நீங்க நடங்க."

அவர் ஏன் மறைக்கிறார்? தன்னால் பிள்ளைகளின் தரிசனம் கெட்டுவிடக் கூடாதே என்றுதான். மருமகள் மேலும் கேட்டால் மகன் என்ன சொல்வான்? "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்பான். அந்தக் 'கொஞ்சம்'தான் ஆபத்து. அன்பினாலேயே ஒருவர் மறைக்கிறார், அன்பினாலேயே மற்றவர் இழுத்துப் போகிறார்.

ஆகையால் வீட்டிலேயே, சுவாமி விளக்கின் முன் உட்கார்ந்து மூன்று முடிவு எடுங்கள்.

முதலாவது: தலைவலி வந்தால் மறைக்க மாட்டோம். கேட்பவரும் கோபிக்க மாட்டோம்.

இரண்டாவது: யாராவது இறங்க வேண்டி வந்தால் கூட இறங்குவது யார் என்று இன்றே பெயர் குறித்து வைப்போம். மேலே போய் "நீ போ, நீ போ" என்று பேச்சு நடக்கக் கூடாது.

மூன்றாவது: இறங்கியவரைப் பிறகு குத்திக் காட்ட மாட்டோம்.

உணவு, தண்ணீர், குளிர்

தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே நன்றாகக் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுங்கள்.

விரதம் இருக்க விரும்புகிறவர்கள் அதை ஊரில் முடித்துக்கொள்ளுங்கள். ஏறும் நாளில் வெறும் வயிறு ஆகாது. சர்க்கரை நோயாளிகள் பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். இன்சுலின் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். அதைப் பையின் வெளிப்புறத்தில் வைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலும் இரவில் கடுங்குளிர் உண்டு. பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளிச் சட்டை, குல்லா, கையுறை, மழைக்கோட்டு, இரண்டு ஜோடிக் காலுறை அவசியம். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மருந்து நிற்காது. ஆம்புலன்சுக்கு அங்கேயும் 108தான்.

தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள்

1. ரத்தப் பரிசோதனை ஏன் இரண்டு மாதம் முன்பே செய்ய வேண்டும்?
2. தலைவலியோடு குமட்டலும் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் குடும்பத்தில் கூட இறங்கப் போகிறவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வரவில்லையென்றால், டிக்கெட் எடுக்கும் முன் இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக ஒரு சொல்

உடம்பு இடம் கொடுக்காதவர்கள் மனம் வருந்த வேண்டாம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே திருக்கேதாரத்தைப் பாடினார்கள் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர்கள் மலை ஏறவில்லை என்பதற்காக அவர்கள் பாட்டு குறைந்துவிடவில்லை. பாதி வழியில் திரும்புகிறவரும் யாத்திரை போனவரே. போனவர் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தால்தான் யாத்திரை நிறைவு.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கேளுங்கள். படித்து முடித்ததும் இந்தத் தாளை, யாத்திரை போக நினைக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.