யாளி முகமும் கித்தார்த் தலையும்

காவிரி நாட்டு உழவர் மரக்கலப்பையால் உழுத காலத்தில், கலப்பைக்கென நேரான மரத்தைத் தேடினாரல்லர். ஆற்றங்கரையிலும் வயலோரத்திலும் நின்ற கருவேல மரங்களுள் இயல்பாகவே வளைந்த கிளை ஒன்றைக் கண்டால் அதனை மனத்திற் குறித்து வைத்துக்கொள்வர். தக்க காலத்தில் அதனையே வெட்டித் தச்சரிடம் கொடுப்பர். தடித்த நேர்மரம் ஒன்றில் வேண்டிய வளைவைச் செதுக்கி எடுத்தல் தச்சர்க்கு அரிய செயலன்று. ஆயினும் அங்ஙனம் செதுக்கிய கலப்பை, ஏரிற் பூட்டி ஓட்டுங்கால், வளைந்த இடத்திலேயே முறிந்துவிடும். வளைந்து வளர்ந்த கிளையோ பல ஆண்டு உழைக்கும். இரண்டும் ஒரே இன மரமே, தடிப்பும் ஒன்றே. பின் வேறுபாடு யாதோ?

மரம் என்பது கல்லைப் போலவோ இரும்பைப் போலவோ எப்பக்கமும் ஒரே தன்மையுடைய பொருள் அன்று. வேரிலிருந்து உச்சி நோக்கி நீளவாட்டில் ஓடும் எண்ணிறந்த நுண்ணிய நார்களின் கட்டே மரமாகும். விறகு பிளப்பாரைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். கட்டையை நிமிர்த்தி வைத்துக் கோடரியை ஓங்கினால் ஒரே வீச்சில் இரண்டாகப் பிளக்கும். அதே கட்டையைக் கிடத்திக் குறுக்கே வெட்டப் புகுந்தால் கை ஓய்ந்துபோகும். நார்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தல் எளிது; நார்களை அறுத்தல் அரிது. தச்சுப் பட்டறையில் கழித்த பலகைத் துண்டு ஒன்றிலிருந்து, விரலகலத்தில் சாணளவு நீளமுள்ள இரு குச்சிகளை, ஒன்றினை நார் ஓடும் வழியிலும் மற்றொன்றினை அதற்குக் குறுக்காகவும் அறுத்து வளைத்துப் பார்க்கும் மாணவர், இரண்டாவது குச்சி காய்ந்த அப்பளம்போல் ஒடிவதைக் காண்பர். நேர்மரத்தில் வளைவு செதுக்குங்கால் நிகழ்வதும் இதுவே. வடிவம் வளைகின்றது, நார் வளைவதில்லை. நார்கள் வளைவிடத்தில் குறுகிக் குறுகி, மேற்பரப்பில் வந்து அறுபட்டு நின்றுவிடுகின்றன. அவ்விடத்தில் மரம் முறிதல் உண்மையில் முறிதலன்று, பிளத்தலே ஆகும்.

இவ்வுண்மையைத் தஞ்சை வீணையிற் காணலாம். இரகுநாத நாயக்கர் தஞ்சையை ஆண்ட 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 24 மெட்டுகள் நிலையாக அமைந்த இவ்வடிவம் உருவாயிற்று என்பர். 2013 ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. முதிர்ந்த பலாமரத்தைக் கொண்டே இதனைச் செய்வர். பண்ருட்டிப் பக்கத்துப் பலா இதற்குப் பெயர்பெற்றது. ஓசையைப் பெருக்கும் குடம், மெட்டுகளைத் தாங்கும் தண்டி, நுனியிற் கீழ்நோக்கி வளைந்த யாளி முகம் ஆகிய மூன்றும் வீணையின் பெரும்பகுதிகள். இவற்றைத் தனித்தனியே செய்து இணைத்தது ஒட்டு வீணை. மூன்றையும் ஒரே மரத்திற் குடைந்தெடுத்தது ஏகாந்த வீணை. இதற்குப் பெருமரம் வேண்டும், உழைப்பும் மிகுதி, விலையும் மிகுதி. இசைவாணர் இதனைப் பெரிதும் போற்றுவர்.

ஒரே மரமாயின் முறியாது என்று பலரும் எண்ணுவர். அது முற்றும் சரியன்று. ஏகாந்த வீணையில் குடமும் தண்டியும் சேருமிடத்து நார்கள் அறாமல் ஓடுவதால் அவ்விடம் வலிமையுடையதே. ஆனால் அந்நார்கள் யாளியின் வளைந்த கழுத்தை அடையுங்கால் அங்கே குறுக்கறுபட்டுவிடுகின்றன. தண்டியின் ஒழுங்கில் நார் நேரே செல்ல, யாளி மட்டும் கீழே தலை தாழ்த்துகின்றது. ஆதலின் வீணை தவறி விழுமாயின் அக்கழுத்திற்கு ஊறு நேர்வது இயல்பே. ஒட்டு வீணையிலோ, யாளிக்கு வேண்டியவாறு நார் அமைந்த தனித்துண்டைத் தச்சர் தேர்ந்துகொள்ளலாம். ஒட்டு என்றவுடனே தாழ்வாக எண்ணுதல் பொருந்தாது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. யாளி எத்துணை அழகாக வளைந்திருப்பினும் அது தந்தியின் சுமையைத் தாங்குவதில்லை. வாசிப்புத் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஆக ஏழினையும் முறுக்கி நிறுத்தும் பிரடைகள் யாளிக்கு முன்னதாகத் தண்டியின் நேரான பகுதியிலேயே செருகப்பட்டுள்ளன. இழுவிசை முழுதும் நேர்மரத்தோடு நின்றுவிடுகின்றது. யாளி உடைந்த வீணை அழகு குன்றுமேயன்றிச் சுருதி குன்றாது.

மின் கித்தாரின் நிலை வேறு. அதன் கழுத்தின் நுனியில் உள்ள தலைப்பகுதியிலேதான் ஆறு தந்திகளையும் முறுக்கும் உலோகத் திருகுகள் யாவும் அமைந்துள்ளன. பொதுவாக வழங்கும் தந்திகளைச் சுருதி கூட்டினால் அவை ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 45 கிலோகிராம் எடைக்கு ஈடாகும். ஒரு நெல்மூட்டையைக் கழுத்திற் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற இச்சுமை அல்லும் பகலும் நீங்காதது. தந்திகள் மேருவின்மீது அழுந்திக் கிடத்தல் வேண்டும் என்பதற்காக, அமெரிக்க நாட்டுக் கிப்சன் நிறுவனத்தார் தங்கள் கித்தார்களின் தலையைப் பின்னோக்கிச் சாய்த்தனர். 1952 இல் வெளிவந்த அவர்களது லெஸ் பால் கித்தாரில் இச்சாய்வு 17 பாகை. கழுத்தும் தலையும் மகாகனி மரத்தின் ஒரே துண்டு. நேர்மரத்திற் செதுக்கிய கலப்பையின் கதை இங்கே மீண்டும் நிகழ்கின்றது. சாய்வு தொடங்குமிடத்தில் நார்கள் குறுகி அறுகின்றன. போதாக்குறைக்கு, கழுத்தினுள் வைத்த இரும்புக் கம்பியை முடுக்குவதற்கு அவ்விடத்திலேயே ஒரு குழியும் குடையப்பட்டது. மெலிந்த இடத்தை மேலும் மெலியச் செய்தால் அது தாங்குவது எங்ஙனம்?

பிற்காலத்தில் அந்நிறுவனத்தார் சாய்வைச் சில ஆண்டுகள் 14 பாகையாகக் குறைத்தும், கழுத்தின் பின்புறத்தே அவ்விடத்தில் மரத்தைச் சற்றே புடைக்கவிட்டும் பார்த்தனர். 1954 இல் பெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் தலை சாயவே இல்லை. மேப்பிள் மரத்தாலான கழுத்தின் ஒழுங்கிலேயே தலையைச் சற்றுத் தாழ்த்தி நேராக விட்டனர். தந்தி அழுந்துவதற்குச் சிறு உலோகக் கொக்கியை வைத்தனர். நார் முதலிலிருந்து முடிவுவரை அறாமல் ஓடியது. அதன் தலை முறிதல் அரிதாயிற்று. எசுப்பானியக் கித்தார் செய்வோர் கையாளும் வழி பிறிதொன்று. தலைக்குத் தனிமரம் எடுத்து, இரு மரங்களையும் நீண்ட சரிவாக வெட்டி, சரிவோடு சரிவு பொருந்த ஒட்டுவர். ஒவ்வொரு துண்டிலும் நார் அதன் வழியே ஓடும். இது தஞ்சையின் ஒட்டு வீணைக்கு உறவான அறிவேயாம்.

கித்தாரின் தலை, தரையில் மோதினால் மட்டுமே முறியும் என்பதன்று. பெட்டிக்குள் வைத்த கித்தார் நின்ற நிலையிலிருந்து மல்லாந்து விழுந்தால் பெட்டி தரையில் நின்றுவிடும், உடலும் நின்றுவிடும். உலோகத் திருகுகளைச் சுமந்த தலையோ, விரைந்த பேருந்து திடீரென நின்றவுடன் பயணிகள் முன்னே சாய்வதுபோல, தன் வேகத்தோடு பின்னோக்கிச் செல்ல முயலும். ஏற்கெனவே இறுகிய தந்திகளின் சுமையோடு இவ்வுலுக்கலும் சேர, பெட்டியில் ஒரு கீறலும் இன்றி உள்ளே கழுத்து முறிந்து கிடக்கும். பெட்டிக்குள் கழுத்தின் அடியிலும் தலையைச் சுற்றிலும் மெத்தென்ற துணியைத் திணித்து வைப்பவர் இவ்விடரைப் பெரிதும் தவிர்ப்பர்.

வீணைக்கு வரும் பிணி வேறு வகையினது. தந்தியின் இழுப்பால் தண்டி நாளடைவில் முன்னோக்கிச் சிறிது வளையலாம். அப்போது தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மிகுந்து, விரல் அழுத்த வலிக்கும், சுரமும் பிசகும். மெட்டுகள் மெழுகில் நிற்பனவாதலின் அவற்றை எடுத்து மீண்டும் மேளம் கட்டிச் சீர்செய்தல் இயலும். வஜ்ஜிரத்தால் ஒட்டிய பழைய வீணைகளில், ஐப்பசி கார்த்திகை ஈரமும் சித்திரை வெப்பமும் மாறி மாறித் தாக்க, பசை தளர்ந்து ஒட்டு விடுவதும் உண்டு.

மரம் பழுதானால் இசை பழுதாகும் என்பதனைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். காந்தருவதத்தையின் இசைப்போட்டியில், தன்முன் வைத்த யாழ்களை நோக்கிய சீவகன், நீரில் நின்று இளகிய மரம், வாட்புண் பட்ட மரம், இடியுண்ட மரம் எனக் குற்றம் கூறி ஒதுக்கியதைச் சீவகசிந்தாமணி கூறுகின்றது. புண்பட்ட இடத்தில் நார் அறுபட்டிருக்கும் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

முறிந்த கழுத்தைப் பழுதுபார்ப்போர் முதலில் முறிவின் வாயைப் பார்ப்பர். நார் வழியே நீண்ட சாய்வாகப் பிளந்திருந்தால் அவர்க்கு மகிழ்ச்சி. பசை பற்றுதற்குரிய பரப்பு மிகுதியாதலின், நல்ல பசையிட்டு இறுக்கிக் கட்டிக் காயவிட்டால் அவ்விடம் முன்னையினும் உறுதி பெறுதல் உண்டு. மீண்டும் விழுமாயின் ஒட்டிய இடம் நிற்க, அதனை அடுத்த இடம் முறிதலும் கூடும். குறுக்கே குட்டையாக ஒடிந்திருந்தாலோ பசை மட்டும் போதாது. நாரின் அறுமுனை பசையை உறிஞ்சிவிடும். அப்போது முறிவின் இருபுறத்தையும் இணைத்து நீளவாட்டில் பள்ளம் தோண்டி, நேரிய நாருள்ள மரத்துண்டுகளை அதில் பதித்து ஒட்டுவர். உடைந்த துண்டு மிகச் சிறியதாயினும் அதனை எறியாமல் எடுத்து வைத்தல் வேண்டும். முறிந்த வாயைக் கையால் தேய்த்துப் பார்த்தலும், தெரிந்த பசையை அவசரமாகத் தடவுதலும் கூடா. தந்திகளை உடனே தளர்த்திவிட்டு, துண்டுகளைத் துணியில் முடிந்து, உளி பிடித்தறிந்த கையில் ஒப்படைத்தலே உடையவர் செய்யத்தக்கது.