எண்ணப்படாத சாவு



நம்ம லயத்தில் ஒருவர் வீட்டிலேயே கண்மூடினால், "வயசு போச்சு", "காய்ச்சல்ல போயிட்டாரு" என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம். என்ன காய்ச்சல், எத்தனை நாள், மூச்சு வாங்கியதா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நாடு முழுக்க இப்படியே நடந்தால் என்ன ஆகும்? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

1. லுசாகாவில் நடந்தது

2020ஆம் ஆண்டு கொவிட் நோய் உலகெங்கும் பரவியது. ஆபிரிக்காவில் அதிகம் பேர் சாகவில்லை என்று அப்போது பலரும் நம்பினார்கள். அரசாங்கக் கணக்குகளும் அப்படித்தான் காட்டின.

சாம்பியா நாட்டின் தலைநகரம் லுசாகா. அந்த நகரத்தில் இறப்பவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல், வீட்டில் இறந்தவர்களும் உட்பட, ஒரே பெரிய ஆஸ்பத்திரியின் பிரேத அறையில்தான் பதியப்படுகிறார்கள். 2020 ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஆய்வாளர்கள் அங்கே போய், இறந்தவர்களின் மூக்கில் சளி எடுத்துப் பரிசோதித்தார்கள்.

364 பேரின் முடிவு கிடைத்தது. 70 பேரிடம் கொஞ்சமாவது கொவிட் கிருமி இருந்தது. அதாவது ஐந்து பேரில் ஒருவர். அந்த 70 பேரில் 51 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தவர்கள். அந்த 51 பேரில் ஒருவருக்குக்கூட உயிரோடு இருந்தபோது பரிசோதனை நடக்கவில்லை.

கிருமி இருந்த எல்லாரும் அதனாலேயே செத்தார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் குடும்பத்தாரிடமும் விசாரித்தார்கள். 52 பேரைப் பற்றிய விவரம் கிடைத்தது. அதில் 44 பேருக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் போன்ற கொவிட் அறிகுறிகள் இருந்திருக்கின்றன. நோய் அங்கே இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

2. கணக்குப் பார்க்கும் முறை

இது நமக்குத் தெரிந்த கணக்குதான். மழை பெய்தால் கொழுந்து கூடும், வறட்சியில் குறையும். ஆகவே இந்த வருஷ மே மாதத்தை முந்திய வருஷங்களின் மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பெப்ரவரியோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

சாவுக் கணக்கும் அப்படியே. வழக்கமாக ஒரு மாதத்தில் 10 பேர் இறக்கும் ஊரில் ஒரு மாதம் 25 பேர் இறந்தால், 15 பேர் மேலதிகம். இதை 'மேலதிக மரணம்' என்பார்கள். நோயால் நேரே இறந்தவர்களும், வைத்தியம் கிடைக்காமல் இறந்தவர்களும் இதில் அடங்குவார்கள்.

2020, 2021 இரண்டு வருஷங்களிலும் கொவிட் மரணம் என்று நாடுகள் அறிவித்தது ஏறக்குறைய 54 இலட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்ட மேலதிக மரணமோ ஏறக்குறைய 1 கோடி 49 இலட்சம்.

ஆனால் முந்திய வருஷங்களின் பதிவு இருந்தால்தானே ஒப்பிடலாம்? ஏழை நாடுகள் பலவற்றில் பாதிச் சாவுகூட பதியப்படுவதில்லை. யெமன் நாட்டின் ஏடன் பகுதியில், வானத்திலிருந்து எடுத்த படங்களில் புதிய புதைகுழிகளை எண்ணித்தான் கணக்குப் பார்த்தார்கள்.

3. நமக்கு என்ன?

சாவு எண்ணப்படாத இடத்தில் நோய் இல்லையென்று முடிவு செய்துவிடுவார்கள். பிறகு மருந்தும் தடுப்பூசியும் அங்கே கடைசியாகத்தான் வந்து சேரும்.

வீட்டில் ஒருவர் இறந்தால் கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உடனே அறிவியுங்கள். வயது, நோய் தொடங்கிய நாள், இருந்த அறிகுறிகள் ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். மரணப் பதிவில் பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு பாருங்கள். சேமலாப நிதி எடுக்கவும் அந்தப் பத்திரம் வேண்டும்.

கூடிப் பேச:

அ. கடந்த ஒரு வருஷத்தில் நம் லயத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்?
ஆ. அவர்களில் எத்தனை பேருக்கு மரணப் பத்திரம் இருக்கிறது?
இ. என்ன நோய் என்று தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர்?